பெரியவன் வண்டி

அண்ணன் இத்தாலியிலிருந்து போன் பண்ணி, "தம்பி, அடுத்த மாசம் வர்றேன். வண்டிய ரெடி பண்ணி வையி" என்றான். ஏதோ முந்தாநாள் நிறுத்திவிட்டுப் போனவன் மாதிரி. அது இருபது வருடத்துக்கு மேலாக தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால், பழைய மாட்டுப்பட்டியில் படங்கு போர்த்திக் கிடந்தது. தோட்டத்தில் உதவி மேனேஜராக இருந்துவிட்டுப் போன சின்னதொரை ஒருவரிடம் அண்ணன் வாங்கிய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். அவன் ஓட்டியது கொஞ்ச காலம்தான். பிறகு வெளிநாடு போனான், விசா சிக்கலில் திரும்பி வர முடியவில்லை. "பெரியவன் வந்து ஓட்டுவான்" என்று சொல்லி அம்மா யாரையும் அதைத் தொடவிடவில்லை. யாரையும் என்றால் என்னை.

நான் ஸ்டோரில் ஃபிட்டர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. நாள் முழுக்க ரோலர் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால் இடுப்பு நிமிராது. அந்த உடம்போடு மறுபடி மாட்டுப்பட்டியில் குனிய வேண்டும். எங்கள் ஊர் றொசல்லயின் மழை கூரைத் தகரத்தில் அடிக்கிற அடியில் நான் திட்டுவது எனக்கே கேட்காது. மனைவி எட்டிப் பார்த்து, "ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வேல? அவரே வந்து செஞ்சிக்கட்டும்" என்பாள். நியாயம்தான். ஆனாலும் செய்தேன். காரணத்தை மறைப்பதற்கில்லை. அம்மா ஒரே ஒரு தடவை, நாலு பேருக்கு முன்னால், "சின்னவன் செஞ்சான்" என்று சொல்ல வேண்டும். தலை நரைத்தவனுக்கு இப்படி ஓர் ஆசை. வெட்கமாகத்தான் இருந்தது.

படங்கை விலக்கிய அன்று சந்தோஷப்பட்டேன். வண்டி வெளியே பளபளவென்று இருந்தது. மட்கார்டில் சந்தனம், ஹேண்டிலில் காய்ந்த பூ. ஆனால் பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திறந்தால் உள்ளே துருச் சேறு. கிக்கரில் ஏறி நின்றேன், அசையவில்லை. எஞ்சின் இறுகிக் கிடந்தது.

அம்மா பக்கத்தில் வந்து பெருமையோடு சொன்னாள்: "வருசா வருசம் ஆயுத பூசைக்கு நாந்தானே கழுவி வைக்கிறேன். வெளிய மட்டுமில்ல, மூடியக் கழட்டி உள்ளுக்கும் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவுவேன். தண்ணிக்கொடம் மாதிரி சுத்தமா இருக்கணும்ல."

கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றேன். டேங்கில் ஊற்றிய தண்ணீர் குழாய் வழியே இறங்கி காபரேட்டரையும் தின்று, எஞ்சின் வரைக்கும் போயிருக்கிறது. இத்தனை மழை பெய்கிற ஊரில் ஒரு சொட்டு படாமல் காப்பாற்றி, தன் கையாலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

"நல்லாத்தானே வச்சிருக்கேன்?"

"நல்லாத்தாம்மா இருக்கு."

அதற்குப் பிறகு என் பாடு நாய்ப் பாடு. ஆற்றுக் கூழாங்கல்லும் டீசலும் டேங்கில் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் தோள் கழன்றது. எஞ்சினை இறக்கி ஸ்டோர் பட்டறைக்குக் கொண்டுபோய் எண்ணெயில் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி ஒரு வழியாக பிஸ்டனை நகர்த்தினேன். காபரேட்டர் தேறவே இல்லை. ஹட்டனில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஊரெல்லாம் விசாரித்துவிட்டு, "தம்பி, இதுக்கு சாமான் தேடுறதவிட ஒங்கட அண்ணனத் தேடிப் புடிக்கிறது லேசு" என்றார். அண்ணன் வருவதற்கு முந்தைய நாள்தான் ஒன்று கிடைத்தது.

மறுநாள் காலை அம்மா தேங்காய் உடைக்க மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். மனைவியும் லயத்து ஆட்களும் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். காபரேட்டரைப் பூட்டி உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்து முழங்காலுக்குக் கீழே வீங்கிவிட்டது. பகல் வரைக்கும் விடாமல் உதைத்தேன். ஒரு பெரிய இருமலோடு வண்டி பிடித்துக்கொண்டது. பார்க்க ஒரு ஆள் இல்லை. நான் மட்டும் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். எல்லார் முன்னாலும் அண்ணன் உதைக்கும்போது மானம் போய்விடக் கூடாதே என்று நன்றாகச் சூடேற்றிவிட்டு நிறுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். பின்னாலேயே வேனும் வந்தது. அண்ணன் உப்பிப் போயிருந்தான். என்னைக் கட்டிப்பிடித்தான், அம்மா அழுதாள், பகல் சாப்பாட்டுக்கு வந்த லயமே கூடிவிட்டது. அவன் நேரே வண்டியிடம் போய் ஒரே ஒரு உதை விட்டான். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "பாத்தீங்களா! சின்னவனும் ஒரு மாசமா முட்டிக்கிட்டுக் கெடந்தான், முடியல. பெரியவன் கால் வச்சதும் ஓடுது பாருங்க!"

அண்ணன் எஞ்சினில் கை வைத்துப் பார்த்தான், சட்டென்று இழுத்துக்கொண்டான். ஒரே உதையில் வருகிற சூடில்லை அது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். சொன்னால், இத்தனை நாளாக ஏன் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டி வரும்.

அம்மா என் தோளைத் தடவினாள். "நீ பாவம்டா, களச்சிப்போயிட்ட. போயிப் படு."

போய்ப் படுத்தேன். அவ்வளவு களைப்பிலும் தூக்கம் வரவில்லை. வெளியே அண்ணன் வண்டியில் லயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஏற்றத்தில்கூட அது ஓரிடத்திலும் திக்கவில்லை.