ஒற்றைத் தும்மல்

மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில், என் கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை வரைக்கும் ஓட்டை. குடித்த காபி மூக்கு வழியாக வந்தது. இன்று ராஜபாளையத்தில் தைத்துவிட்டார்கள்.

"மூக்கைச் சிந்தாதீங்க. தும்மல் வந்தா அடக்காம வாயைத் திறந்து தும்முங்க. தையல் பிரிஞ்சா மறுபடி ஓட்டைதான்" என்றார் டாக்டர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் யாரோ மிளகாய்ப்பொடிப் பையை என் காலடியில் வைத்தார்கள்.

மூக்கு அரித்தது. வாயைப் பிளந்து தும்மிவிட்டேன்.

முன் சீட்டு அம்மா திரும்பினார்.

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறோம் தம்பி. ஒத்தத் தும்மல் ஆகாது. இன்னொண்ணு தும்மிருய்யா!"

மூக்கில் ஏதோ ஈரம். தொட்டுப் பார்க்கக் கை வரவில்லை.

வாயில் தையல் இல்லாதவர்கள் யாராவது அந்த அம்மாவுக்காக ஒன்று தும்முங்களேன்.