புங்குடுதீவுக்குப் போன கறுப்புக் கல்

ஆனி மாதக் கடைசி. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் காலை ஏழு இருபதுக்குப் புங்குடுதீவின் படகுத்துறையான குறிகட்டுவானுக்குப் போகும் பேருந்து புறப்பட நின்றது. நான் ஒரு சாக்குப் பொதியோடு ஏறினேன். பொதிக்குள் ஒரு கறுப்புக் கருங்கல் பலகை. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஏறக்குறைய இருபது கிலோ. அதில் என் மாமியாரின் பெயரும், பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் பொன்னிற எழுத்தில் வெட்டப்பட்டிருந்தன. கடைசி வரியில் 'ஞாபகார்த்தமாக அமைக்கப்பட்ட கிணறு' என்றிருந்தது. கிணறு இன்னும் வெட்டப்படவில்லை. கல் முந்திக்கொண்டுவிட்டது.

மாமி தங்கம்மா புங்குடுதீவில் பிறந்தவர். கொழும்பில் எங்களோடு இருந்து போன வருடம் காலமானார். நோர்வேயில் இருக்கும் என் மைத்துனர் சிவநேசன், தாயின் ஆண்டுத் திவசத்துக்கு முன் ஊரில் ஒரு கிணறு வெட்டி, நீர் இறைக்க மோட்டரும் பூட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று பன்னிரண்டு இலட்சம் ரூபாய் அனுப்பியிருந்தார். இடம் பார்த்து, வேலையைத் தொடக்கி, கல்லோடு படம் எடுத்து அனுப்புவது என் பொறுப்பு. என் மனைவி கமலாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. வங்கியின் கடன் பகுதியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இனி வேறு வேலை இல்லை என்பது குடும்பம் ஒருமனதாக எடுத்த முடிவு.

நடத்துநர் பொதியைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னண்ணை, இரும்போ?"

"கல்லு."

"அப்ப கல்லுக்கும் ரிக்கற் எடுக்கவேணும். உங்களுக்கு நூற்றி அறுபது, கல்லுக்கு எண்பது."

"அது கதிரையில இருக்கேல்லையே, தம்பி."

"இருக்கேல்லைத்தான். ஆனா தானா இறங்கி நடந்தும் போகாதே."

கொடுத்தேன். முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான பயணம். பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே சோளகக் காற்று பேருந்தைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. இருபுறமும் முழங்காலளவு கடல். மீன் பிடிக்க நட்ட தடிகள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அல்லைப்பிட்டி கடந்து மண்கும்பானில் தண்ணீர் பவுசர் லொறிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. மண்கும்பானில் நல்ல தண்ணீர் உண்டு, தூரத்துத் தீவுகளில் குறைவு. கொழும்பில் குழாயைத் திறந்தால் கொட்டுகிற பொருள் இங்கே சக்கரத்தில் ஏறிக் கடலைக் கடந்து போகிறது. அந்தப் பவுசர்களைப் பார்த்தபோது நாங்கள் செய்யப்போவது எவ்வளவு நல்ல காரியம் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வேலணை தாண்டி, இரண்டாவது நீண்ட பாலத்தால் புங்குடுதீவுக்குள் நுழைந்தோம். பூட்டிய வீடுகள். பெரிய வாசல், தூண்கள், உள்ளே நெருஞ்சி. ஆள் இல்லாத ஊரில் பெயர்களுக்கு மட்டும் குறைவில்லை. பேருந்துத் தரிப்பிடத்தில், பாடசாலை வாசலில், குந்தும் சீமெந்து வாங்கிலில், மயானக் கொட்டகையில் எல்லாம் இன்னாரின் நினைவாக, இன்னாரின் பிள்ளைகள், கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று பலகைகள். எங்கள் கல்லுக்கு நல்ல துணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டே முக்காலுக்குச் சந்தியில் இறங்கினேன். சனசமூக நிலையச் செயலாளர் அருளானந்தம் மோட்டார் சைக்கிளோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும், எதற்கும் சிரிக்கிற முகம். கல்லை எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்தி வைத்தார்.

"கல்லு வந்திட்டுது அண்ணை. இனிக் கிணறுதான்."

மாமியின் காணி மேற்கே, கடலுக்குச் சற்று உள்ளே. நாலு பனை, காய்ந்த புல், சாம்பல் நிற மண். ஆனால் வேலிக்கு அப்பால் ஒரு துண்டு நிலம் பச்சைப் பசேலென்று இருந்தது. கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகள். நடுவில் ஒரு பழைய கிணறு. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி என்று அருளானந்தம் அறிமுகம் செய்தார். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள்.

குடிக்கத் தண்ணீர் தந்தார். தீவுத் தண்ணீர் என்று தயக்கத்தோடு வாயில் வைத்தேன். இளநீர் மாதிரி இருந்தது. இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"மோட்டர் பூட்டேல்லையோ, பிள்ளை?"

"இல்லை ஐயா. இதுக்கு வாளி போதும்."

நான் உற்சாகமாக வேலியைக் காட்டினேன். அங்கே, இருபது யார் தூரத்தில், ஒரு பெரிய கிணறு வரப்போகிறது, மோட்டரும் உண்டு, இனி வாளியோடு மாரடிக்கத் தேவையில்லை என்றேன். அவர் அருளானந்தத்தைப் பார்த்தார். அருளானந்தம் பனையைப் பார்த்தார்.

"நல்லம் ஐயா," என்றார் பரமேஸ்வரி. பிறகு பாத்திக்குத் திரும்பிவிட்டார்.

அந்த 'நல்லம்' எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான். கடன் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவர்கள் இதே குரலில்தான் 'நல்லம் சேர்' என்பார்கள்.

கையில் கல்லின் தூசி. முகம் கழுவலாம் என்று, வரும் வழியில் பார்த்த இன்னொரு கிணற்றுக்கு அருளானந்தத்தோடு நடந்தேன். புதிய கட்டு, மோட்டர் அறை, யாரோ ஒருவரின் தகப்பன் பெயரில் பளபளக்கும் பலகை. ஒரு வாளி அள்ளி வாயைக் கொப்பளித்தேன். உப்பு. கடல் உப்பு. துப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் சுற்றுப்புறம் கண்ணில் பட்டது. மண்ணில் வெள்ளைப் படலம். பக்கத்து வளவில் ஒரு பழைய கிணறும், தலை இல்லாத மூன்று தென்னைகளும்.

"இது எப்ப உவராப் போனது?"

"மோட்டர் பூட்டி ரெண்டாம் வருசம் அண்ணை. கூட இழுத்தால் நல்ல தண்ணி முடிஞ்சு கடல் தண்ணி ஏறிப்போடும். பக்கத்துக் கிணறும் சேர்ந்து போச்சுது."

"அப்ப எங்கட கிணறு வெட்டினா, பரமேஸ்வரியின்ர கிணறு?"

அருளானந்தம் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சுகொண்டு ஏன் தம்பி சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது அண்ணை? முந்தி ஒருத்தர் வெளியில இருந்து காசு தர வந்தவர். உது வேண்டாம், வேற ஒண்டு செய்து தாங்கோ எண்டு கேட்டனாங்கள். அவருக்கு மனம் நொந்து போச்சுது. காசைக் கொண்டுபோய் வேற ஊரில மணிக்கூட்டுக் கோபுரம் கட்டினவர். வாறதை மறிச்சால் பிறகு ஒருத்தரும் வரமாட்டினம்."

எனக்குக் கடும் கோபம் வந்தது. ஆனால் அதை இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை. நாங்கள் மட்டும் என்ன கேட்டோம்? கடனுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், இந்தக் காசு உங்களுக்கு என்ன செய்து தரும் என்று கேட்டுத்தான் ஒரு சதமும் கொடுத்தேன். இனாமாகக் கொடுக்கப் புறப்பட்டபோது அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. எழுத்தின் நிறம் பொன்னா வெள்ளியா என்று மட்டும் ஒரு கிழமை கதைத்தோம்.

திரும்பி வந்து பரமேஸ்வரியிடம் கேட்டேன். "பிள்ளை, நான் கோவிக்கமாட்டன். கிணறு வெட்டட்டோ?"

அவர் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார்.

"மூத்தவள் யாழ்ப்பாணத்தில தாதிப் படிப்புப் படிக்கிறாள் ஐயா. இந்தக் கத்தரியும் கீரையும் விடிய பஸ்ஸில சந்தைக்குப் போனால்தான் அவளின்ர செலவு. இந்தத் தண்ணி போச்சுதெண்டால் எனக்கு வேற ஒண்டும் இல்லை. உங்கட மாமியின்ர பேரில செய்யிறியள், எனக்கு விளங்குது. எண்டாலும் வெட்டாதேங்கோ."

ஒரு தருமத்தை வேண்டாம் என்று சொல்ல ஓர் ஏழைக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நான் அந்தக் கிணற்றடியில்தான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"அப்ப என்ன செய்தால் உதவி?"

இருவரும் ஒரே திசையைக் காட்டினார்கள். இருநூறு யார் தூரத்தில் ஊர்க் குளம். குளம் என்று சொன்னால்தான் தெரியும். வெடித்த சேறு, முட்பற்றை, பிளாஸ்ரிக் போத்தல். மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்துபோய், மாரித் தண்ணீர் தெரு வழியாக ஓடிக் கடலில் விழுகிறதாம். குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்றுக் கூடும், இன்னும் சிலர் தோட்டம் செய்யலாம் என்றார் அருளானந்தம்.

"உதை ஏன் ஒருத்தரும் செய்யேல்லை?"

"கேட்டுப் பார்த்தனாங்கள் அண்ணை. குளத்தில பேரை எங்க போடுறது எண்டு கேக்கினம்."

பனை நிழலில் நின்று கமலாவுக்குக் கைபேசியில் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மான்ர பேரைச் சொல்லி ஒரு பிள்ளையின்ர படிப்பைக் குழப்பவோ? வேண்டாம். அண்ணாவோட நான் கதைக்கிறன்."

அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தாள்.

"குளத்துக்க போய் ஆர் வாசிக்கிறது எண்டு கத்தினவர். கடைசியில, என்னவாவது செய்யுங்கோ எண்டு வச்சிட்டார். நீங்கள் தொடங்குங்கோ."

"கல்லை என்ன செய்யிறது?"

"குளத்துக்குப் படி கட்டுவினம்தானே? ஆகக் கீழ்ப் படியில பதிக்கச் சொல்லுங்கோ."

"தண்ணி நிண்டால் தெரியாதே, கமலா."

"தெரியாட்டி நல்லம்தானே."

கல்லை அருளானந்தத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பேருந்து பிடிக்கக் குறிகட்டுவானுக்குப் போனேன். நயினாதீவுப் படகுகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அர்ச்சனைப் பைகளும் பிள்ளைகளுமாகச் சனம் இறங்கியது. ஐம்பது ரூபாய்க்கு ஒரு பிளேன்ரீ குடித்தேன். திரும்பும் பேருந்தில் அதே நடத்துநர்.

"கல்லு எங்க அண்ணை?"

"தானா இறங்கி நடந்து போட்டுது, தம்பி."

பிரதேச சபையிடம் அனுமதி எடுக்க இரண்டு மாதம் பிடித்தது. குளத்தை வெட்டியது ஊர்ச்சனம், நாட்கூலிக்கு. திவசம் தவறிவிட்டது என்று சிவநேசன் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. மேசன், கிணறு என்றிருந்த கடைசி வரியை மட்டும் உளியால் கொத்தி எடுத்துவிட்டுக் கல்லைப் பதித்தார்.

மார்கழியில் கமலாவோடு மறுபடி போனேன். பாலத்தின் இருபுறமும் கடல் கலங்கியிருந்தது, மண்கும்பானில் பவுசர்கள் வழக்கம்போல நிரம்பிக்கொண்டுதான் இருந்தன. ஒரு மாரியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது, அடுத்த ஆனியில்தான் உண்மை தெரியும். ஆனால் பரமேஸ்வரியின் வேலிக்கு இப்பால், மாமியின் காணியிலும் இரண்டு பாத்தி முளைத்திருந்தது. கமலாவின் சம்மதத்தோடுதான்.

குளம் மண்ணிறமாக நிறைந்து கிடந்தது. மேலே மூன்று படிகள் தெரிந்தன. மற்றவை தண்ணீருக்குள். கமலா என் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் நின்றாள்.

"அம்மா எங்க இருக்கிறா?"

பரமேஸ்வரி சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படியாகக் காலால் தடவிப் போய் நின்றார். "இஞ்ச அக்கா. எழுத்துக் காலில தட்டுது."

அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் சிவநேசன். காணொளியில் அவருக்குப் பின்னால் யன்னலில் பனி. கமலா கைபேசியைத் தண்ணீரை நோக்கித் திருப்பினாள்.

"கல்லைக் காணேல்லை," என்றார் சிவநேசன்.

"அடியில இருக்குதண்ணா. அம்மான்ர பேரை ஒருத்தரும் வாசிக்காமல் இருக்கவேணும் எண்டு கும்பிடு."

நான் எட்டிப் பார்த்தேன். சிவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

பரமேஸ்வரி அங்கிருந்தே சொன்னார். "என்ர இடுப்பளவு எண்டு சொல்லுங்கோ."