ஆரஞ்சும் பச்சையும் உரசிய இடம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கயல் வீடியோ காலில் ஒரு காய்கறிக் கடையைக் காட்டினாள். பெல்ஜியத்தில், ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்த சின்ன ஊர் அது. கத்தரிக்காய் ஒவ்வொன்றும் சுரைக்காய் அளவுக்கு இருந்தது. கடைக்காரர் வந்தவரிடம் டச்சில் பேசிவிட்டு, அதே மூச்சில் உள்ளே இருந்த மனைவியிடம் துருக்கி மொழியில் ஏதோ கேட்டார். அவருடைய தாத்தா சுரங்க வேலைக்கு வந்தவராம். சுரங்கத்தை மூடி எத்தனையோ காலம் ஆகிறது, துருக்கி மட்டும் கடை போட்டு உட்கார்ந்துவிட்டது.

கயலுக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. அவளுடைய கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இவளோ திரும்பி வந்துவிடலாம் என்றிருக்கிறாள். சாப்பிடும்போது எல்லோரும் டச்சுக்குத் தாவிவிடுகிறார்களாம், இவள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். "இது அவங்க ஊரும்மா. எனக்கு என்ன வேலை இங்க?" என்றாள்.

நெய்வேலிச் சுரங்க டவுன்ஷிப்பில் வளர்ந்த என்னிடம் இந்தப் பேச்சைப் பேசலாமா? உட்காரடி என்றேன், நானும் உட்கார்ந்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் டவுன்ஷிப்பில் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த ப்ளாக், அடுத்த கேள்வி உங்களுக்கு நேட்டிவ் எது. குடியிருப்பது ப்ளாக், சொந்தம் நேட்டிவ். எங்கள் தெருவில் முனை வீடு தெலுங்கு, அதற்கு எதிர்வீடு மலையாளம், எங்கள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ். மே மாதம் வந்தால் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் பூட்டுத் தொங்கும். மொழிகளெல்லாம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அறிவோடுதான் எட்டாம் வகுப்பில் கண்காட்சிக்கு உலகப்படம் வரைந்தேன். எந்த மொழி எங்கெங்கே பேசப்படுகிறது என்று கலர் அடிக்க வேண்டும். எனக்கு டச்சு, ஆரஞ்சுக் கலர். பக்கத்து வீட்டு ஷகிலாவுக்குத் துருக்கி, பச்சை. யாருடைய கலர் அதிக இடத்தில் இருக்கிறதோ அவள்தான் படத்தின் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வாள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நான் அன்றைக்கே பாவாடைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.

ஷகிலாவின் குடும்பத்துக்கு நெல்லிக்குப்பம் நேட்டிவ். அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே மைன்ஸ், வேறு வேறு ஷிஃப்ட். படத்தை எங்கள் வீட்டுத் தரையில் விரித்து, எதிரும் புதிருமாகக் குப்புறப் படுத்துக்கொண்டு கலர் அடித்தோம். பென்சில் சீவிய மர வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. நான் நெதர்லாந்தை முடித்து, பெல்ஜியத்தின் மேல்பாதியை முடித்து, தென்னமெரிக்காவில் சுரினாமுக்கும் அதற்கு மேலே கடலில் கிடந்த குட்டித் தீவுகளுக்கும் போய்விட்டேன். அவளிடம் துருக்கியும் சைப்ரஸும்தான். பாவமாகக்கூட இருந்தது.

திரும்பிப் பார்த்தால் ஜெர்மனியில் பச்சைப் புள்ளியாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்து நெதர்லாந்தில், என் ஆரஞ்சுக்கு மேலேயே. அடுத்து பெல்ஜியம். சண்டைக்குப் போனேன். "உங்கப்பாதான சொன்னாரு" என்றாள் நிதானமாக. உண்மைதான். அப்பா மெஷின் ட்ரெயினிங்குக்காக ஜெர்மனி போயிருந்தபோது, சுரங்கத்து கேன்டீனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு துருக்கிக்காரர். அங்கே போடுகிற பன்றிக்கறி இரண்டு பேருக்குமே ஆகாது. அவித்த முட்டையைத் தின்றே சினேகிதமானார்களாம். அங்கே பாதி ஆள் துருக்கிதான், பக்கத்து நாட்டுச் சுரங்கங்களிலும் அப்படித்தான் என்று அப்பா ப்ளாக் முழுக்கச் சொல்லியிருந்தார். என் வீட்டுக் கதையை வைத்தே என்னை மடக்கிவிட்டாள்.

அவர்கள் வேலைக்குப் போனவர்கள், துருக்கிதான் நேட்டிவ், அதனால் இதெல்லாம் செல்லாது என்றேன்.

ஷகிலா பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப முனை வூட்டம்மா இங்க பேசிகினு இருக்கறது தெலுங்கு இல்லியா? லீவுக்கு ஊருக்குப் போனாத்தான் தெலுங்கா? டச்சுக்காரன் சுரினாம்லியா பொறந்தான்? கப்பல்ல போனவனுக்கு ஒரு நாயம், வேலைக்குப் போனவனுக்கு ஒரு நாயமா? ஆளு எங்க சோறு துன்றானோ அதான் அவன் ஊரு."

நான் ஆரஞ்சுப் பென்சிலை எடுத்தேன். அவள் பச்சை வைக்க, நான் அதன்மேல் ஆரஞ்சு தேய்க்க, பெல்ஜியத்தில் காகிதம் கிழிந்து ஓட்டை விழுந்துவிட்டது. டீச்சர் ஓட்டைக்குப் பின்னால் காகிதம் ஒட்டி, ஷகிலாவின் புள்ளிகளையும் எண்ணி, அவளையே நிறுத்தினார். இஸ்திரி போட்ட பாவாடையோடு நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவள் என் டச்சையும் சேர்த்து அழகாகத்தான் சொன்னாள்.

"அந்த ஓட்டையிலதான்டி நீ இப்ப குடியிருக்க" என்றேன் கயலிடம். சிரித்துவிட்டாள்; அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. அந்தக் கடைக்காரரைத் துருக்கிக்குப் போய்ப் பேசச் சொல்வாயா என்று கேட்டேன். திங்கட்கிழமை மெசேஜ் வந்தது: இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். கூடவே ஒரு வரி. 'பிடிக்கலன்னா நம்ம வீட்டுக்கு வந்துடுவேன், ஓகேவா?'

ஓகே என்று போட்டேன். அப்பா வேலை பார்த்த இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்த எனக்கும் இந்த மாதத்தோடு சர்வீஸ் முடிகிறது, குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், இருந்தும் 'நம்ம வீடு' என்று எழுதியிருக்கிறாள். ஷகிலா குடும்பம் அவள் அப்பா ரிட்டயரானதுமே நெல்லிக்குப்பம் போய்விட்டது. நாங்கள் குப்புறப் படுத்துக் கலர் அடித்த வரிசையையே இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடக்கிறது. முனை வீட்டுத் தெலுங்கும் இல்லை, எதிர்வீட்டு மலையாளமும் இல்லை. உலகம் பூராவும் தேடித் தேடிக் கலர் அடித்தோமே, எங்கள் தெருவுக்கு ஒரு புள்ளி வைக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.