பாலம் எப்போது தூக்குவார்கள் என்று கேட்ட ஜியாகரபி மிஸ்

எனக்குப் பிடித்த டீச்சர்களில் முதல் இடம் ஜியாகரபி மிஸ்ஸுக்குத்தான். எங்கள் வீட்டில் அதிகம் சந்தேகப்பட்டதும் அவரைத்தான்.

அப்பா தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்துக்கு வந்த கஸ்டம்ஸ் அதிகாரி. கஸ்டம்ஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது, யார் எதைக் கொடுத்தாலும் கை நீட்டக் கூடாது என்பதைத்தான். தீபாவளிக்கு யாராவது வாசலில் ஸ்வீட் டப்பாவை வைத்துவிட்டுப் போனால், அப்பா லுங்கியோடு படியிறங்கி ஓடி, ஆளைத் துரத்திப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார். காரியம் இல்லாமல் எவனும் சிரிக்கக்கூட மாட்டான் என்பது அவர் கட்சி.

மிஸ்ஸோ எதற்கெடுத்தாலும் சிரிப்பார். பத்தாம் வகுப்பின் முதல் நாளே, "ஹூக்ளி ஆறு எந்தப் பக்கம் ஓடுது?" என்று கேட்டார். தெற்கே, கடலுக்கு என்று கத்தினோம். "போய்ப் பார்த்துட்டு வாங்க." அவ்வளவுதான், பதில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை இழுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று கடல் பக்கமிருந்து வடக்கே, ஜாலியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. கடல் ஏறும் நேரத்தில் ஆறு திரும்பி ஓடுகிறது! அன்றைக்கே நான் காலி. பதினொன்றில் ஜியாகரபிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வியாழக்கிழமைகளில் பள்ளி விட்டபிறகு மிஸ் என்னை உட்காரவைத்து மேப் போடச் சொல்லிக்கொடுத்தார், சும்மாவே. டியூஷன் ஃபீஸ் வாங்காத டீச்சர் கொல்கத்தாவிலா? அங்கேயே அப்பாவுக்கு உறுத்தியது. அதோடு மிஸ் கேட்ட கேள்விகள் வேறு. நாளைக்குக் கப்பல் உள்ளே வருதா, பாலம் எத்தனை மணிக்குத் தூக்குவாங்க என்று கேட்பார். கப்பல் நுழையும்போது கிடர்பூரில் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள்; பஸ், லாரி, கைவண்டி எல்லாம் அப்படியே நிற்கும். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதையே கேட்டேன்.

"ஏட்டி, பாலம் எப்பத் தூக்குவாங்கன்னு ஒரு டீச்சருக்கு என்னத்துக்கு?"

"பாடத்துக்கா இருக்கும்ப்பா."

"பாடத்துக்குப் புஸ்தகம் இருக்கு. அவ வீட்டுக்காரன் யாரு? துறைமுகத்துல சரக்கு எடுத்துக் குடுக்கிற கிளியரிங் ஏஜெண்டா?"

"மிஸ்ஸுக்குக் கல்யாணமே ஆகலப்பா."

"அப்ப தம்பி இருப்பான்."

பூஜை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, மிஸ் எனக்கு ஒரு டப்பா நாரு கொடுத்தார். தேங்காயும் வெல்லமும் சேர்த்து வீட்டிலேயே உருட்டியது. பிஜோயா, அதாவது விஜயதசமி, முடிந்ததும் இனிப்பு கொடுப்பது இங்கே வழக்கம். வேண்டாம் என்பது முகத்தில் அறைவது மாதிரி. அப்பா மூடியைத் திறக்கவே விடவில்லை.

"ஏங்க, தேங்கா உருண்டைதான," என்றாள் அம்மா.

"இன்னைக்கு உருண்டை. நாளைக்கு கன்டெய்னர்."

அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஒண்ணுகூடவா எடுக்கல?" என்றார். 

அப்பா அதோடு விடவில்லை. வியாழக்கிழமை இனிமேல் கிடையாது, பதினொன்றில் காமர்ஸ் என்றார். சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. மிஸ் போனைக் கவிழ்த்து வைத்தால்கூட எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. வகுப்பில் துறைமுகம் என்று சொன்னபோது என்னைப் பார்த்தாரோ? கப்பல் வருவதையெல்லாம் போனிலேயே பார்க்கலாமே, என்னிடம் ஏன் கேட்டார்?

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அப்பா மிஸ்ஸின் எதிரில் உட்கார்ந்ததும் இந்தியில், "மேடம், எங்கிட்ட உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

மிஸ்ஸின் முகம் சிவந்தது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் மிஸ் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"ஒரு காரியம் ஆகணும்தான்," என்றார் மிஸ்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடத்தல் சரக்கைக் கையும் களவுமாகப் பிடித்த பார்வை.

"என் கிளாஸ் பொண்ணுங்களுக்குக் கப்பல் உள்ளே வர்றதைக் காட்டணும். ஆத்துல தண்ணி ஏறும்போது துறைமுக வாசல்ல இருக்கிற லாக் கேட்டைத் திறப்பாங்களே, அதைப் பார்த்துட்டா நான் பாடமே நடத்த வேண்டாம். ஸ்கூல்ல அனுமதி கிடைக்காதுன்னுட்டாங்க. உங்ககிட்ட கேக்கக் கூச்சமா இருந்தது, அதான் உங்க பொண்ணுகிட்ட கப்பல், பாலம்னு சுத்திக் கேட்டுட்டிருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"தம்பிக்காக எதுவும்..."

"எந்தத் தம்பி? நான் வீட்டுக்கு ஒரே பொண்ணு."

அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்தோட ஆபீசுக்கு எழுதுங்க. வீட்டு வழியா எதுவும் வேணாம்," என்று எழுந்தார்.

மாடிப்படியில் இறங்கும்போது ஜெயித்தவர் மாதிரி சொன்னார்: "காரியம் இருக்குன்னு சொன்னேம்லா?"

"சொன்னீங்க."

"நேருக்கு நேரா கேட்டாளே, அது சரி. வியாழக்கிழமை இருந்துட்டு வா. பதினொண்ணுல என்ன எடுக்கணுமோ எடு."

நான் இரண்டிரண்டு படியாகத் திரும்ப மேலே ஓடினேன். மிஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"மிஸ், வியாழக்கிழமை வர்றேன்!"

"உங்க அப்பா என்னை நம்பிட்டாரா?"

"இல்ல மிஸ். ஆனா விட்டுட்டார்."