விபூதி டப்பாவில் இருந்த வெள்ளை

கொடைக்கானலில் ஓர் ஓவியர் வாழ்ந்து மறைந்த வீட்டின் பின்கட்டில் நானும் மாமியாரும் என் சின்ன மகள் பாப்பாவும் குடியிருக்கிறோம். முன்பகுதி இப்போது காட்சியகம். வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. இந்த மலைக்கு வந்தபின் அவர் பனிமூட்டத்தைத் தவிர வேறெதையும் வரையவில்லை. அந்த ஓவியங்கள் இன்று வெளிநாட்டுக் கூடங்களில் தொங்குகின்றன. எல்லோரும் கேட்பது அந்த வெள்ளையைப் பற்றித்தான்.

மழைக்காக ஒரு வாரம் மூடியிருந்த காட்சியகத்தைத் திறந்த அன்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஈயத்திலிருந்து செய்த வெள்ளைப் பொடியை எண்ணெய் விட்டு அவரே குழைப்பார்; பொடியைப் பழைய பழனி விபூதி டப்பாவில் போட்டு வைத்திருந்தார்; தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குவார்; அந்த நஞ்சு ஏறித்தான் கடைசியில் கை நடுங்கியது. சொல்லிக்கொண்டே அலமாரியைக் காட்டினேன். டப்பா இருந்த இடத்தில் தூசி படியாத வட்டம் மட்டும் இருந்தது.

அந்த அறையைப் பெருக்குவது என் மாமியார். பின்கட்டுக்கு ஓடினேன். டப்பா சாமி மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது.

"சாமி துன்னூறு அந்தத் தூசிக்குள்ள கெடக்கலாமா தாயி? அதான் எடுத்தாந்தேன்" என்றார்.

"பாப்பா வாயில வச்சீங்களா அத்தை?"

"விளக்கேத்துனா நெத்தியில பூசி, நாக்குல துளி வைக்கிறதுதானே. நம்மது தீந்ததுலருந்து இதான்."

டப்பாவை மாடத்திலிருந்து எடுத்தேன். இதென்ன துன்னூறு இம்புட்டு கனமா இருக்கு, சாமிக்கும் உடம்பு போட்டிருச்சா என்று அவர் கேலி செய்தபோது நானும் சிரித்திருந்தேன். பாப்பா வயிறு வலிக்கிறது என்றதற்கு ஓமத்தண்ணீர் கொடுத்திருந்தேன். அந்த அலமாரியைத் தொடாதீர்கள் என்று மாமியாரிடம் சொன்னவள், ஏன் என்று சொல்லாமல் விட்டேனா? நினைவில்லை.

மருத்துவர் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை பாப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலேட்டில் அவள் கோடு போட்டால் நடுங்குகிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஓவியரின் கடைசிப் படங்களில் கோடுகள் நடுங்கும். பனியே அசைவதுபோல இருக்கிறது என்று பார்வையாளர்களுக்கு எடுத்துச் சொல்வதே நான்தான்.

ரத்தத்தில் ஈயம் இருந்தது. அளவு குறைவுதான், தானாக இறங்கிவிடும், எதற்கும் மறுபடி சோதிக்கலாம் என்றார் மருத்துவர். டப்பாவைக் காட்சியகத்தார் பூட்டி வைத்துவிட்டார்கள்.

மாமியார் பழனியிலிருந்து புது விபூதி வரவழைத்தார். விளக்கேற்றி, பாப்பாவின் நெற்றியில் மட்டும் பூசிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பாப்பா நகரவில்லை. கண்ணை மூடி, நாக்கை நீட்டிக் காத்திருந்தாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன்.