பெயர் அழிந்த இரண்டு டியூப்கள்

என் சட்டைப்பையில் ஒரு பென்சில் துண்டு இருக்கிறது. சுண்டுவிரல் நீளம்தான். சிதம்பரத்தில், ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தபோது என்னோடு வந்துவிட்டது. அங்கே டெக்னீஷியனாக இருந்த பெண்ணுடையது. என்னைவிடப் பத்து வயது சிறியவர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், ஓசூரில் ஓட்டல் வேலை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணை என்று எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. ஒரு தப்பு செய்தால் மறுநாள் அந்த ஊரில் இருக்க மாட்டேன். அந்த ஆய்வுக்கூட அறையில் ஜன்னல் கிடையாது. குளிர் வெளியே போகாமல் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. மேடம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து அதற்குள் அடைந்துகொள்வார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆய்வுக்கூடத்தின் தலைவரான சார் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு வேலை நீளும்.

ரத்தத்தின் சிவப்பைக் கரைத்துக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் வெள்ளை அணுக்களை மட்டும் அவர் வைத்துக்கொள்வார். அவற்றை உடைத்து, உப்பு சேர்த்துச் சுழலவிட்டு, மேலே தெளிந்ததில் குளிர்ந்த ஆல்கஹாலை ஓரமாக ஊற்றுவார். மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் இளநீர் வழுக்கை போல ஒரு நூல் திரளும். "குலுக்காதீங்க அண்ணே, சோடா பாட்டில் இல்ல. அறுந்துடும்" என்பார்.

டியூபின் மேல் ஒட்டிய வெள்ளைப் பட்டையில் பெயரைப் பென்சிலால்தான் எழுதுவார். எனக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பென்சில் சின்னப் பிள்ளைகளுக்கு. பேனா பிடித்தால் பெரிய ஆள். ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, இரண்டு டியூப்களில் பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பேனாவால் அழகாக எழுதிவைத்தேன்.

கிள்ளையைச் சேர்ந்த அக்கா தங்கையின் டியூப்கள் அவை. அவர்களுடைய தம்பிக்குத் தசைகள் தேய்ந்து நடை நின்றுபோயிருந்தது. அந்த நோய் பெண்களிடம் வெளியே தெரியாமல் இருந்து, அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகள்மேல் இறங்கக்கூடியது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தன்னிடம் அது இருக்கிறதா என்று தாலிக்கு முன்னால் தெரியவேண்டும் என்று அவளே கேட்டு வந்திருந்தாள்.

மேசையைத் துடைக்கும்போது ஆல்கஹால் பாட்டிலைச் சாய்த்துவிட்டேன். இரண்டு டியூப்களிலும் பெயர் நீலமாகக் கரைந்து ஓடியது. பதறி எடுத்துத் துடைத்து வைத்ததில் எது எங்கே இருந்தது என்பதும் குழம்பிவிட்டது. எடுத்து வந்த ரத்தத்தில் மிச்சமும் இல்லை.

மேடம் வந்து பார்த்தார். சார் கையெழுத்துப் போடவேண்டிய வாரம் அது.

"இடதுபக்கம் இருக்குறது அக்காவோடது மேடம்" என்றேன்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

பென்சிலை நீட்டினார். "அப்ப நீங்களே எழுதுங்க அண்ணே."

டியூபை எடுத்தேன். பென்சில் முனை அதன்மேல் பட்டு நின்றது. வேறு இடமாக இருந்தால் அப்போதே பஸ் ஏறியிருப்பேன். அவர் கதவுப் பக்கமாக நின்றிருந்தார். பென்சிலைக் கீழே வைத்தேன்.

அவர் நேராகப் போய் சாரிடம் சொன்னார். தன் பொறுப்பில் நடந்தது என்றுதான் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. மறுநாள் மறுபடி ரத்தம் எடுக்க இருவரும் கிள்ளைக்குப் போனோம். நடந்ததை அங்கேயும் மறைக்காமல் சொன்னார்.

அந்தத் தாய் வாசலை விட்டு நகரவில்லை. "கொசு கூட வயிறு ரொம்புனா போயிடும். நீங்க திரும்ப வந்து நிக்கிறீங்களே! என் பொண்ணு உடம்புல என்னா ஜாஸ்தியாவா இருக்கு?"

"உடும்மா" என்று அக்கா வந்து கையை நீட்டினாள். என்னைப் பார்த்து, "எம்பேர மட்டும் எங்கண்ணு முன்னாடி எழுதுங்க" என்றாள்.

பென்சிலால் எழுதினேன்.

"இது அழியாதா?"

"சாராயமே ஊத்துனாலும் அழியாதும்மா."

"எங்கூட்டு மனுஷன் காதுல உழப்போவுது" என்றாள் தாய். தங்கை சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

முடிவு வந்த உறையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. சார் கையெழுத்துக்கு மேடத்தை இரண்டு மாதம் அலையவிட்டார். அது கிடைத்த மறுவாரம் நான் கிளம்பிவிட்டேன்.

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் மேடத்தைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. அதே காலை ரயில், அதே அறை. "இப்ப எங்க அண்ணே இருக்கீங்க?" என்றார். சொல்லும்படி ஓர் இடம் இல்லை. பென்சிலை எடுத்து நீட்டினேன்.

"நீங்களே வச்சிக்கிங்க. அந்த ரெண்டு டியூபும் இன்னும் ஃப்ரீசர்லதான் இருக்கு. தூக்கிப்போட மனசு வரல. பேரில்லாம கெடக்கு."

ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு நடைமேடையிலேயே நின்றேன். இடதுபக்கம் இருந்தது அக்காவுடையதுதான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அதில் பெயர் எழுதமாட்டேன்.