கழுதையின் பின்பாதி

இப்போது எங்கள் தெருவில் அக்டோபர் கடைசியில் பூசணிக்காய்களுக்குள் விளக்கு எரிகிறது. எலும்புக்கூட்டு உடுப்புப் போட்ட பிள்ளைகள் மணியை அடித்துவிட்டு இனிப்புக் கேட்கிறார்கள். கிண்ணத்தோடு கதவைத் திறக்கும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய கால்களைத்தான். அதற்குக் காரணம் ஒரு கழுதை.

எண்பதுகளின் கடைசியில், சுவிட்சர்லாந்தின் சூக் நகரில், ஹலோவீன் என்ற சொல்லே எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வேடநாள் டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. சிவப்பு அங்கியும் பஞ்சுத்தாடியுமாகச் சாமிக்லவுஸ் தாத்தா, முகத்தில் கரி பூசிய அவருடைய வேலையாள் ஷ்முட்ஸ்லி, ஒரு போர்வைக்குள் இரண்டு பேர் புகுந்து ஆக்கிய கழுதை. இந்தக் கூட்டம் வீடு வீடாகப் போய்ப் பாடும். வீட்டுக்காரர்கள் நிலக்கடலையும் மண்டரின் தோடம்பழமும் சாக்லேட்டும் கொடுப்பார்கள்.

சேர்ந்து வேடம் போடும் எங்கள் நான்கு பேருக்குள் கூடுதலாக ஒரு விதி இருந்தது. வேடத்துக்குள் இருப்பது யாரென்று ஒரு வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பிள்ளையின் பங்கு போய்விடும். பிடிபடாதவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். முந்தின வருடம் நான் சாமிக்லவுஸ். தாடி கண்வரை இருந்தது. பையை நீட்டிய கையைப் பார்த்தே முதல் வீட்டுக்காரி என் பெயரைச் சொல்லிவிட்டாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ்ப்பிள்ளை நான் ஒருத்திதான். வெறும் பையோடு வீட்டுக்கு வந்து அழுதேன். இந்த வருடம் பிடிபடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

"நீ ஷ்முட்ஸ்லியா வா. உனக்குக் கரி மிச்சம்," என்றான் பால்பண்ணைக்காரரின் மகன்.

"நீ கழுதையா வா. உனக்குப் போர்வை மிச்சம்," என்றேன்.

எங்கள் கட்டடத்து மேல்மாடிப் பெண் சிரித்த சிரிப்பில் அவன் கழுதையின் தலையானான். அவள் சாமிக்லவுஸ், அவளுடைய தம்பி ஷ்முட்ஸ்லி. கழுதையின் பின்பாதியை நானே கேட்டு வாங்கினேன். எல்லாரும் வேண்டாமென்று ஓடும் இடம் அது. குனிந்து, முன்னால் போகிறவனின் இடுப்புப்பட்டியைப் பிடித்துக்கொண்டு, இருட்டுக்குள் நடக்கவேண்டும். எனக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முகம் இல்லை, கை இல்லை. வெளியே தெரிந்தது காற்சட்டையும் சப்பாத்தும் மட்டும்.

வீட்டுக்காரர்கள் தாடியை ஊகித்தார்கள், கரியை ஊகித்தார்கள், எல்லாம் பிழை. பின்பாதிக்குள் ஒரு ஆள் இருக்கிறது என்பதைக்கூட அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் கட்டடத்துக்குத் திரும்பி வரும்வரை நாங்கள் ஒருவரும் பிடிபடவில்லை.

"கடைசியா உங்கட வீடு," என்றது கழுதைத்தலை.

"வேண்டாம்!"

"வடை மணக்குது," என்று சொல்லிவிட்டு அது படியேறியது. தலை போனால் பின்னங்கால்கள் என்ன செய்வது?

மற்ற வீடுகளில் கதவடியிலேயே காரியம் முடிந்திருந்தது. அம்மா நிலைக்கு உள்ளே நின்று வெளியே நிற்பவருக்கு எதையும் கொடுக்கமாட்டார். அது கூடாது. "கொம், கொம், உள்ள வாங்கோ," என்று இரண்டு மொழியிலும் அழைத்து, கழுதை உட்பட எல்லாரையும் வெளிச்சமான இருப்பறைக்குள் ஏற்றிவிட்டார். தாத்தாவும் வேலையாளும் சோபாவில் இருந்தார்கள். கழுதை நின்றது. அம்மா அதன் வாய்க்குள் ஒவ்வொரு வடையாக வைத்தார். முன்னால் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. பின்னால் ஒன்றும் வரவில்லை.

பாட்டு முடிந்ததும் மேல்மாடிப் பெண், "நாங்கள் ஆர் எண்டு சொல்லுங்கோ," என்று ஜேர்மனில் கேட்டாள்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். "இஞ்சரப்பா, பின்னங்காலைப் பாருங்கோ. ஒரு காலால மற்றக் காலைச் சொறியுது. எங்கட பிள்ளையெல்லோ!"

நான் காலைக் கீழே வைத்தேன்.

"சத்தம் போடாதை," என்றார் அப்பா. அன்று உணவகத்தில் அவருக்கு லீவு. "கண்டுபிடிச்சா பங்கு போயிடுமெண்டு போன வருசம் அழுதவள். மற்ற மூண்டு பேரையும் சொல்லு."

"பாவம், அவளுக்கு வடையும் போகேல்லை. முன்னங்கால் எல்லாத்தையும் தின்னுது."

"எடுத்து வை."

அந்த அறையில் இதெல்லாம் விளங்கிய விருந்தாளி கழுதையின் பின்பாதி மட்டும்தான். புதன்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் வீட்டிலேயே விளையாடும் பிள்ளைகளை அம்மாவுக்குத் தெரியாதா? தாடியைச் சொன்னார், கரியைச் சொன்னார், கழுதைத்தலையைச் சொன்னார். மூன்றும் சரி. பிறகு என் பின்னால் வந்து நின்று, நிறைய நேரம் யோசித்தார்.

"இது… லேரர்!"

எங்கள் வகுப்பாசிரியர்! தாடி கழன்று விழும் அளவுக்கு மேல்மாடிப் பெண் சிரித்தாள். ஆறடி உயரமும் கழுத்துப்பட்டியுமாய் எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவர் கழுதைக்குப் பின்பாதி. போர்வைக்குள் நான் சிரித்த சிரிப்பில் வால் ஆடியது.

வெளியே வந்ததும் பால்பண்ணைக்காரரின் மகன் போர்வையை எறிந்தான். "உன்ர அம்மாவுக்கு எங்களையெல்லாம் தெரியுது, உன்னை மட்டும் தெரியேல்லை!"

விதி விதிதான். பை முழுவதும் எனக்கு வந்தது. மண்டரின்களைத் திருப்பிக் கொடுத்தேன், நிலக்கடலையில் பாதியும் கொடுத்தேன். சாக்லேட்டைக் கொடுக்கவில்லை.

சந்தேகம் வராதிருக்கப் படிக்கட்டில் சிறிது நேரம் இருந்துவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அப்பா பத்திரிகையிலிருந்து நிமிரவில்லை. அம்மா என் பையைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மூடி வைத்திருந்த கோப்பையை மேசைக்குக் கொண்டுவந்து, எனக்கு ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டார்.

"இருங்கோ லேரர்," என்றார். "வடை ஆறுது."